நிஜத் தேதி

நிஜத் தேதியைச் சொல்லுங்கள் சார். தாளில் எழுதியிருப்பது இருக்கட்டும். கருத்தரங்க மலர் பன்னிரண்டாம் தேதி வேண்டும் என்று போட்டிருக்கிறீர்கள். கருத்தரங்கம் என்றைக்கு? பதினாறா? பார்த்தீர்களா, கேட்டதும் வந்துவிட்டது. பதினைந்தாம் தேதி மதியம் தருகிறேன். முறைக்காதீர்கள். புதிதாக வேலைக்கு வந்தவர், பழகிவிடும். உங்கள் துறைத்தலைவர் முதல் தடவை என்னிடம் மேசையைத் தட்டினார். நானும் தட்டினேன். இப்போது பொங்கலுக்குக் கரும்பு கொடுத்துவிடுகிறார்.

அடுத்தது ஆய்வகக் குறிப்பேடு, எண்ணூறு பிரதி. ஜூன் மாதம் வகுப்பு தொடங்கினால்தானே இது வேண்டும்? மார்ச்சிலேயே ஏன் கொண்டுவந்து என் இடத்தை அடைக்கிறீர்கள்? சரி, பலகையில் ஒரு ஓரத்துக் கொக்கி.

மூன்றாவது இது என்ன? வாய்மொழித் தேர்வு அழைப்பா. ஐம்பது பிரதி...

கரண்ட் போய்விட்டது. உட்காருங்கள் சார். அந்த ரீம் மேலேயே உட்காரலாம், ஒன்றும் ஆகாது. முக்கால் மணி நேரம் ஆகும். ஜெனரேட்டர் துணைவேந்தர் அலுவலகத்துக்குத்தான், பிரஸ்ஸுக்குக் கிடையாது. மெஷின் ஓடாவிட்டால் இந்தக் கட்டடத்தில் உட்கார முடியாது, என்னவோ காது அடைத்த மாதிரி இருக்கும். நீங்கள் இருக்கிறீர்கள், பரவாயில்லை.

இல்லை சார், உடம்புக்கு ஒன்றும் இல்லை. முதல் இரண்டு தாளுக்கும் சண்டை போட்டவன் மூன்றாவதுக்கு வாயடைத்துப் போனானே என்று பார்க்கிறீர்கள். ஆய்வாளர் பெயரைப் பாருங்கள். ச. கோமதி. அந்த 'ச' யார் தெரியுமா? சங்கரபாண்டி. நான்தான். என் மகள்.

உங்களுக்கு எப்படித் தெரியும், நீங்கள் வந்து ஆறு மாதம். எனக்கே இப்போதுதான் தெரியும். இரண்டரை வருஷமாக அவள் என்னிடம் பேசுவதில்லை. ஆய்வேட்டை மறுபடியும் ஆபீஸில் கொடுத்திருக்கிறாள் என்று உங்கள் தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். எங்கே அச்சடித்தாள்? மேற்கு வாசலுக்கு எதிரே இருக்கிறானே, அந்த ஜெராக்ஸ் கடையிலா? ஓரம் வெட்டத் தெரியாத பயல். இருக்கட்டும்.

குற்றம் என் மேல் என்று அவள் நினைக்கிறாள். நீங்களே சொல்லுங்கள். நான் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

முதலில் இந்தப் பலகையைப் புரிந்துகொள்ளுங்கள். ஆறு வரிசைக் கொக்கி, கிழமைக்கு ஒரு வரிசை. வேலைக்கு ஒரு அட்டை. அட்டையில் தேதி எழுதிக் கொக்கியில் மாட்டிவிட்டேன் என்றால் அன்றைக்கு வேலை முடியும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு அட்டை தேதி தவறியதில்லை. எப்படி? யார் சொல்லும் தேதியையும் நான் நம்புவதில்லை. இந்த வளாகத்தில் நாற்பத்தோரு துறை, எல்லோருக்கும் நாளைக்கே வேண்டும். நாளைக்கே கொடுத்தால் ஒரு வாரம் இங்கேயே தூசி குடிக்கும். அதனால் எனக்கு ஒரு கணக்கு உண்டு. கத்துகிறவருக்கு மூன்று நாள் பொறுக்கும். அழுகிறவருக்கு இரண்டு நாள். பெரிய இடத்துச் சிபாரிசோடு வருகிறவருக்கு ஒரு வாரம். தேதியைச் சொல்லிவிட்டுச் சும்மா நிற்கிறார் பாருங்கள், அவருக்கு அவசரமே இல்லை. அவசரம் இருந்தால் நிற்க முடியுமா?

இது படித்து வந்த அறிவு இல்லை சார். எட்டாம் வகுப்பு பாதியில் நின்றது. தென்காசியில் ஒரு பிரஸ்ஸில் சேர்ந்தேன், பதின்மூன்று வயது. முதலாளி வெளியூர் போயிருந்தார். கல்யாணப் பத்திரிகைக்காரர் ஒருத்தர் வந்து, நாளைக் காலையில் இல்லையென்றால் மானம் போய்விடும் என்று கண்ணைக் கசக்கினார். நம்பினேன். மெஷினில் ஏற்றியிருந்த கோயில் கொடைவிழா நோட்டீஸை இறக்கிவைத்துவிட்டுப் பத்திரிகையை ஏற்றச் சொன்னேன். பத்திரிகைக்காரர் பத்து நாள் கழித்து வெற்றிலை மென்றுகொண்டு வந்தார். கொடைக்காரர்கள் அன்று சாயங்காலமே வந்தார்கள், ஒரு வேன் நிறைய. முதலாளி இரும்பு ஸ்கேலால் அடித்தார். இதோ, முழங்கைக்கு மேலே. இந்தத் தழும்பு என் பட்டம். அதற்குப் பிறகு யாரையும் நம்பவில்லை, ஒரு அடியும் வாங்கவில்லை.

கோமதி என்னை மாதிரி இல்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடப் பை வாங்கக் கூட்டிப்போனேன். கடைக்காரரிடம் பேசி, பேசி, படியாமல், "வேண்டாம், வா போகலாம்" என்று இவள் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்குகிறேன். அவர் கூப்பிட வேண்டும், அதுதானே முறை. இவள் திரும்பி, "எங்க அப்பா வாங்காம போக மாட்டாங்க மாமா, சும்மா சொல்லுதாங்க" என்கிறாள். கடையே சிரித்தது. கடைக்காரர் இவளுக்கு ஒரு பென்சில் டப்பா இனாமாகக் கொடுத்தார். எனக்கு ஒரு பைசா குறைக்கவில்லை. அப்படி ஒரு பிறவி. எதைக் கேட்டாலும் முதல் வாயிலேயே நிஜத்தைச் சொல்லிவிடுவாள். பிழைக்கத் தெரியாத பிள்ளை என்று அவள் அம்மாவிடம் அன்றைக்கே சொன்னேன்.

இதே வளாகத்தில்தான் ஆராய்ச்சி செய்தாள். நன்னீர் நண்டு. குளத்து நண்டைப் பிடித்து ஆறு வருஷம் என்ன செய்தாள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை, நானும் கேட்கவில்லை. நான் டி.வி.எஸ்ஸில் வருவேன், அவள் பஸ்ஸில் வருவாள். ஒரே வாசல், ஒரே நேரம்தான். ஆனால் ஃபோர்மேன் மகளைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிவருகிறான், நாளைக்கு அவள் வேலையை முன்னால் தள்ளிவிடுவான் என்று ஒருத்தர் சொல்லக்கூடாது பாருங்கள். அந்த அளவுக்கு நேர்மை. மழை நாளில்கூட ஏற்றியதில்லை.

ஒரு திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொண்டுவந்தாள். ஐந்து பிரதி, காலிகோ அட்டை, தங்க எழுத்து. வெளியே ஆயிரம் கடை இருக்கிறது, அங்கே போயிருக்கலாம். நம் இடத்தில் சல்லிசு என்று வந்திருப்பாள். "எங்க அப்பா கையால பைண்ட் ஆகட்டும்" என்று சொன்னதாக மிக்கேல் அப்புறம் சொன்னான். மிக்கேல் எங்கள் பைண்டர், அந்தக் கடைசி மேசை. அவன் எதையாவது சொல்வான்.

அன்றைக்கு நல்ல கூட்டம். பல்கலைக்கழகத்துக்கு மார்க் போட ஆய்வுக்குழு வருகிறது என்று உள்தர அலுவலகத்திலிருந்து நாலு பேர், வியாழக்கிழமை முன்னூறு பக்க அறிக்கை வேண்டும் என்று என் தலைக்கு மேலே நின்று கத்துகிறார்கள். இவள் முன்னால் வந்தாள். "வரிசையில நில்லு" என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. நின்றாள். முறை வந்ததும் சொன்னாள்.

"வியாழக்கிழமை அஞ்சு மணிக்குள்ள ஆபீஸ்ல கொடுக்கணும்பா. அன்னைக்கோட ஆறு வருசம் முடியுது. விட்டா பதிவு ரத்தாயிரும்."

"நிஜத் தேதியைச் சொல்லு."

"அதாம்பா நிஜம்."

"எல்லாரும் அதைத்தான் சொல்லுதாங்க. எத்தனை நாள் தள்ளலாம்?"

"தள்ள முடியாதுப்பா."

"ரெண்டு நாள்?"

சிரித்தாள் சார். "நான் என்ன கத்தரிக்காயா வாங்க வந்திருக்கேன்?" என்றாள். அந்த நாலு பேரும் சிரித்தார்கள். பின்னால் மிக்கேலும் சிரித்தான். அந்தப் பென்சில் டப்பாக் கடை மாதிரியே சிரிப்பு.

எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும். கணக்குப்படிதான் எழுதினேன். கத்தவில்லை, அழவில்லை, சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அவசரக்காரி சிரிப்பாளா? வியாழன் கூட்டல் இரண்டு. சனிக்கிழமை என்று அட்டையில் எழுதி மாட்டினேன். கத்தியவர்கள் தலைக்கு மேலேயே நின்றார்கள், அவர்களுக்குக் கணக்கு பார்க்காமல் வியாழனே கொடுத்தேன். அவர்களுடைய ஆய்வுக்குழு அந்த மாதம் வரவே இல்லை, அது வேறு கதை.

போகும்போது ஐந்து தாள் தனியாகக் கொடுத்தாள். நெறியாளர் கையெழுத்தும் முத்திரையும் உள்ள சான்றிதழ்த் தாள், பிரதிக்கு ஒன்று. அந்தத் தாள் இல்லாமல் ஆபீஸில் ஆய்வேட்டை வாங்க மாட்டார்கள். கையெழுத்துப் போட்ட அந்த நெறியாளர் அம்மா மறுநாள் விமானம் ஏறி மகன் வீட்டுக்குப் போகிறார், மூன்று மாதம் கழித்துத்தான் வருவார், பத்திரம் என்றாள். கையெழுத்துத் தாள் எதையும் நான் மேசையில் விடுவதில்லை. ஒரு தடவை பசை கொட்டி ஒருத்தருடைய தாள் வீணாகப் போனதிலிருந்து பீரோவில் பூட்டிவைப்பேன். சாவி என் இடுப்பில். இதோ இந்தச் சாவிதான்.

புதன்கிழமை காலையில் வீட்டில் காபி குடிக்கும்போது கேட்டாள், "யப்பா, என் அட்டை எந்தக் கொக்கியில இருக்கு?" என்று. வீட்டில் பிரஸ் பேச்சு கிடையாது, அது நான் வைத்த சட்டம். "ஆபீஸ் நேரத்துல கவுண்டர்ல வந்து கேளு" என்றேன். என் மனைவி பேச்சியம்மாள் டம்ளரைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். அவள் எப்போதும் அப்படித்தான் வைப்பாள்.

கேட்க வரவில்லை சார். வந்து கேட்டிருந்தால் சனிக்கிழமை என்று சொல்லியிருப்பேன், அவளும் ஒரு கத்து கத்தியிருப்பாள், நானும் வெள்ளிக்கு இறங்கியிருப்பேன். வெள்ளியும் பிந்திவிட்டது என்கிறீர்களா? அது... பேசினால்தானே சார் படியும்? பேசாதவரிடம் எப்படிப் பேரம் பேசுவது?

வியாழக்கிழமை நான் சிவகாசிக்குப் போய்விட்டேன். ரெக்ஸின் ரோல் எடுக்க வேண்டும், நேரில் நின்றால்தான் நல்ல ரோல் தருவார்கள். வெளியூர் போனால் நான் போனை எடுப்பதில்லை. எடுத்தால் யாராவது தேதியை மாற்றச் சொல்வார்கள். சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்தேன். கோமதி, பதினொரு தடவை. மிக்கேல், ஒரு தடவை. மிக்கேல் பசை தீர்ந்தால் கூப்பிடுவான். கோமதி... நான் என்ன நினைத்தேன் என்றால், சரி, இப்போதாவது கத்தப் பழகிவிட்டாள்.

ஐந்தே முக்காலுக்கு வந்து சேர்ந்தேன். நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஐந்து கட்டும் அடித்து, அடுக்கி, தைத்துத் தயாராக இருந்தது. மிக்கேல் என்னைக் கேட்காமல் புதன்கிழமையே அவள் வேலையை எடுத்திருக்கிறான். கையெழுத்துத் தாள் மட்டும் இல்லை. அது பீரோவுக்குள். சாவி சிவகாசியில்.

மிக்கேலைப் பிடித்துக்கொண்டேன். "யாரைக் கேட்டுலே கார்டை மாத்துன?" என்று. "கார்டை மாத்தலண்ணாச்சி, என் சாப்பாட்டு நேரத்துல செஞ்சேன்" என்றான். "பீரோவை உடைச்சிரட்டுமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்" என்றும் சொன்னான். உடைப்பானாம்.

கோமதி எழுந்தாள். கத்துவாள் என்று பார்த்தேன். அழுவாள் என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"யப்பா, வியாழக்கிழமை கிடைக்கணும்னா நான் என்ன கிழமை சொல்லியிருக்கணும்?"

கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். "திங்கள்னு சொல்லியிருந்தா புதனே கொடுத்திருப்பேன்" என்றேன்.

சரியான பதில்தானே சார்? யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பீரோவைத் திறந்து ஐந்து தாளையும் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். அந்தக் கேள்விதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

நான் சும்மா இருந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மறுநாள் காலை ஆபீஸ் திறக்குமுன் அங்கே நின்றேன். ஆராய்ச்சிப் பிரிவில் அருணகிரி என்று ஒரு கிளார்க், எனக்குப் பல வருஷப் பழக்கம். "ஒரு நாள் தள்ளுங்க" என்றேன். "முடியாதண்ணாச்சி" என்றார். "அரை நாள்." "முடியாது." "ஒரு மணி நேரம். நேத்து அஞ்சு மணிக்கு ஆபீஸ் கடிகாரம் ஒரு மணி நேரம் வேகமா ஓடுச்சுன்னு எழுதிக்கோங்க." சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "சரி, உங்க நிஜத் தேதி என்ன, அதையாவது சொல்லுங்க" என்றேன். "இது பிரஸ் இல்லண்ணாச்சி. நாங்க எழுதுறதுதான் தேதி" என்றார். மதியம் வரை நின்றேன். சாப்பிட்டுவிட்டு வந்தும் நின்றேன். என் வாழ்க்கையில் அத்தனை நேரம் பேசி ஒரு நிமிஷம்கூடக் குறையாத இடம் அது ஒன்றுதான். புதிதாகப் பதிவு செய்து, இரண்டு வருஷம் கழித்துத்தான் கொடுக்கலாம் என்று விதியைப் படித்துக் காட்டினார்.

சனிக்கிழமை ஆனது. அட்டையில் சனிக்கிழமை என்று எழுதியிருக்கிறது இல்லையா? அட்டை போட்டு, தங்க எழுத்து ஏற்றி, ஐந்து பிரதியும் சாயங்காலத்துக்குள் முடித்தேன். மிக்கேல் தொட மாட்டேன் என்றுவிட்டான். நானே செய்தேன். கையெழுத்துத் தாளுக்கு மட்டும் முன்னால் இடம் விட்டேன். பீரோவில் இருக்கிறது, காட்டவா? அந்த மூலை இருட்டு, இப்போது தெரியாது. எழுத்து ஒன்றுகூட உதிரவில்லை. என் தேதி தவறவில்லை சார். அதை மட்டும் யாரும் சொல்ல முடியாது.

அவள் வாங்க வரவில்லை. வாங்காத வேலையின் அட்டையைக் கழற்றக்கூடாது என்பது இங்கே முறை. சனிக்கிழமை வரிசையில் கடைசிக் கொக்கி, மஞ்சள் பூத்த அட்டை ஒன்று தொங்குகிறதே, அதுதான். ஆடிட்டில் ஒரு அம்மா கேட்டார், இது என்ன நிலுவை என்று. நிலுவைதான் என்றேன்.

ஓசூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். ஒரு மாதம் கழித்துப் பேச்சியம்மாளும் கிளம்பினாள். "பிள்ளை தனியா இருக்கா" என்றாள். "எத்தனை நாள்?" என்றேன். "பாக்கலாம்" என்றாள். ஒரு மாதமா, இரண்டு மாதமா, பொங்கலுக்கா? "பாக்கலாம்." முப்பத்து நாலு வருஷம் என்னோடு வாழ்ந்தவள், எனக்குப் பிடி கொடுக்காமல் பேச எங்கே கற்றுக்கொண்டாள் என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். பின்னால் குக்கர் விசில் கேட்கும், கோமதி யாரிடமோ சிரிப்பது கேட்கும். "அவகிட்ட கொடு" என்பேன். "குளிக்கப் போயிருக்கா" என்பாள். சிரிப்பு கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஞாயிறு மதியம் நான் இங்கே வந்துவிடுவேன். வாட்ச்மேன் திறந்துவிடுவார். ஒரு வேலையும் கிடையாது. பலகையில் அட்டைகளைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டுவேன். வீட்டில் என்ன இருக்கிறது? சோறு வைத்தால் இன்னும் மூன்று பேர் அளவுக்குத்தான் அரிசி விழுகிறது. கையை மாற்ற முடியவில்லை.

ஒன்று சொல்கிறேன், வெளியே சொல்லாதீர்கள். இந்த இரண்டரை வருஷத்தில் இங்கே வரும் முகத்தை எல்லாம் பார்க்கிறேன். யாராவது ஒருத்தர் முதல் வாயில் நிஜத் தேதியைச் சொல்லமாட்டாரா என்று. ஒருத்தர் இல்லை. நீங்களும் பன்னிரண்டு என்றுதான் எழுதிக் கொண்டுவந்தீர்கள். மொத்த வளாகத்திலும் ஒரே ஒரு ஆள்தான் சார் அப்படிச் சொன்னது.

வந்துவிட்டது கரண்ட். மிக்கேல், மெஷினைப் போடாதே, ஒரு நிமிஷம்.

இந்த அழைப்பு என்றைக்கு வேண்டும் சார்? அடுத்த வாரம் போதுமா? வேண்டாம், இப்போதே ஏற்றுகிறேன். மலர் கிடக்கட்டும். ஆமாம், உங்கள் மலர்தான், கிடக்கட்டும். பேசாமல் இருங்கள். ஈரம் காய்ந்ததும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

அடியில் ஒரு வரி இருக்கிறதே. "ஆர்வமுள்ள அனைவரும் கலந்துகொள்ளலாம்." இந்த அனைவரில் பிரஸ்காரர்களும் சேர்த்தியா சார்? இல்லை, விதி என்ன என்றுதான் கேட்கிறேன். நண்டைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் உட்காரலாமா? கேள்வி கேட்க மாட்டேன். கடைசி வரிசை போதும். வரிசைகூட வேண்டாம், கதவு ஓரம் போதும். பாருங்கள், உங்களிடமும் இறங்கிக்கொண்டே போகிறேன்.

ஐம்பது கேட்டிருக்கிறீர்கள், ஐம்பத்தொன்று போடுகிறேன். அந்த ஒன்றில் உங்கள் கையால் சங்கரபாண்டி என்று எழுதி இந்த மேசையில் வைத்துவிட்டுப் போங்கள். அழைப்பு இல்லாத இடத்துக்குப் போய் எனக்குப் பழக்கமில்லை. அவளிடம் சொல்ல வேண்டாம். அவளே பார்க்கட்டும். பார்க்காவிட்டாலும்... சரி.

இருபத்திரண்டாம் தேதி, காலை பத்தரை. இப்படிப் போட்டால் எல்லோரும் வந்து உட்காரப் பதினொன்றரை ஆகுமே, நிஜத்தில் எத்தனை மணிக்குத்தான் சார்...

வேண்டாம். சொல்லாதீர்கள். பத்தரைதான்.